பழைய அடுப்படிப் புகைக்கூண்டை அடைப்பது எப்படி? டெல்டா வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அத்தை வீடு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. முற்றம் வைத்த ஓட்டு வீடு; அடுப்படி மட்டும் பிற்பாடு மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய தட்டைத் தளம்) போட்டுக் கட்டியது. கேஸ் வந்த பிறகு விறகடுப்புக்கு வேலையே இல்லை. மேடைக்கு மேலே இருக்கும் புகைக்கூண்டு மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன் வழியாக மழைச்சாரல் விழும், அணில் இறங்கும், காக்கை கொண்டுவரும் எலும்பும் விழும். ஓர் ஐப்பசியில் நானே ஏறினேன். வைக்கோல் திணித்த நாலு கோணிப்பையை வாய்க்குள் அமுக்கி, மேலே ஒரு தகரம், அதற்குப் பாரமாக இரண்டு செங்கல். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அத்தையிடம் சொல்லாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

கார்த்திகை மழையில் தகரம் நகர்ந்தது. வைக்கோல் தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடந்தது. மார்கழி பாதியில் அடுப்படிச் சுவரில் கும்பகோணம் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒழுகல் இறங்கியது. பொங்கலன்று அத்தை பழைய ஆசையில் அந்த மண்ணடுப்பிலேயே பானையை ஏற்றி விறகை மூட்டிவிட்டார். புகை மேலே போய் முட்டித் திரும்பி அடுப்படி முழுக்க நிறைந்தது. பால் பொங்குவதற்குள் அவருக்குத் தலைசுற்றி, திண்ணையில் வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்க அரை மணி ஆனது. அன்று கதவும் முற்றமும் திறந்திருந்ததால் அதோடு போயிற்று.

அந்த வருடம் பங்குனியில் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கோணிப்பையை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே கையை விட்டுத் தடவினார். விரல் நுனி பசைபோல் கறுத்து வந்தது. "மேல ஒரு கல்லு போட்டாப் போதும் தம்பி. ஆனா சுத்தி காத்து போக விட்டுடணும். இல்லேன்னா உள்ள வேர்த்துப் போயிடும்" என்றார். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். மழைக்கும் உயிரினங்களுக்கும் வழியை அடைக்க வேண்டும், காற்றுக்கு விட்டுவைக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

முப்பது நாற்பது வருடம் விறகு எரிந்த கூண்டின் உட்சுவரில் வெறும் கரிப்பொடி மட்டும் இருக்காது. விறகுப் புகையில் வரும் தார் போன்ற பிசினும், தண்ணீரில் கரையும் உப்புகளும் செங்கல்லுக்குள்ளேயே ஏறியிருக்கும். இந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுக்கும். மேலும் கீழும் காற்று ஓடிக்கொண்டிருக்கும் வரை ஈரம் உலர்ந்துவிடும். இரண்டு பக்கமும் இறுக்கி அடைத்துவிட்டால் ஈரம் உள்ளே தங்கி, கரியைக் கரைத்து, செங்கல் வழியாக வெளிப்பூச்சுக்கு வரும். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்தாலும் பழுப்புக் கறை மறுபடி மறுபடி எட்டிப்பார்ப்பது இதனால்தான்.

மழைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வாய் உள்ள கூண்டில், ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 20 லிட்டர் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். ஒன்றரைக் குடம். வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவுக்கு 10 சென்டிமீட்டர் நாள் ஒன்றும் அதிசயம் இல்லை. அடுப்பு எரிந்த காலத்தில் அந்தச் சூடே கூண்டை உலர்த்திவிடும். இப்போது அதுவும் இல்லை.

முதலில், அடைக்கத்தான் வேண்டுமா?

வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த அடுப்பை மூட்டுவீர்கள் என்றால் அடைக்காதீர்கள். பொங்கல், திவசம், கல்யாணத்துக்கு முந்தைய பலகார வேலை என்று ஏதோ ஒன்றுக்கு விறகடுப்பு வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு மேலே நிரந்தரமாக ஒரு மழைக்குடை (மூடும் கல்தான்; எப்படி என்று பின்னால் 'மேல்வாய்' பகுதியில் சொல்கிறேன்) போட்டால் போதும். கீழே எதையும் அடைக்கக் கூடாது. குடைக்கும் கூண்டு வாய்க்கும் நடுவில் புகை தாராளமாக வெளியேற இடம் இருக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் ஒரே கூண்டுக்கு இரண்டு அடுப்பு சேர்ந்திருக்கும். அடுப்படியில் ஒன்று, சுவருக்கு அந்தப்பக்கம் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு ஒன்று. அடுப்படிக் கூண்டுதானே என்று மேலே மூடிவிட்டு, மறுநாள் காலையில் யாராவது வெந்நீர் போட்டால் அந்தப் புகை எங்கே போகும்? வீட்டுக்குள்தான். விறகுப் புகையாவது கண்ணை எரித்துக் காட்டிக்கொடுக்கும். தணலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் எழுந்திருக்க மாட்டீர்கள்.

இதைச் சோதிக்கத் தனியாகக் கருவி ஒன்றும் வேண்டாம். தூபக்காலில் நாலு தணலை எடுத்துச் சாம்பிராணி போட்டு, அடுப்படிக் கூண்டுக்கு அடியில் பிடியுங்கள். ஓர் ஆள் மேலே நின்று புகை வருகிறதா என்று பார்க்கட்டும். இன்னொருவர் வீட்டைச் சுற்றி, மற்ற அடுப்புகள், பரண், பக்கத்து அறை எல்லாம் பார்க்கட்டும். பிறகு வெந்நீர் அடுப்பில் பிடித்து அதே சோதனை. இரண்டும் ஒரே வாயில் போய்ச் சேர்ந்தால், வெந்நீர் அடுப்பையும் நிரந்தரமாக நிறுத்தினால் ஒழிய மேலே கைவைக்காதீர்கள். வழியில் எங்காவது புகை கசிந்தால் அந்த விரிசலையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பொதுச் சுவர் உள்ள தெருவீடுகளில் பக்கத்து வீட்டுக் கூண்டும் உங்களுடையதும் ஒட்டி நிற்கும். அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எப்போது செய்வது

மாசியிலிருந்து ஆனிக்குள். சுண்ணாம்போ சிமென்ட்டோ எந்தக் கலவையாக இருந்தாலும் இறுக வெயில் காலம் நல்லது; அதைவிட முக்கியம், கூண்டு உள்ளே நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் தார்ப்பாயைக் கட்டி அந்த வருடத்தை ஓட்டுங்கள். நனைந்த கூண்டை மூடுவதும் ஈரத்துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதும் ஒன்றுதான்.

உள்ளே யார் குடியிருக்கிறார்கள்?

சும்மா கிடக்கும் கூண்டு காலியாக இருப்பது அபூர்வம். மூன்று நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து கவனியுங்கள். கீழே மேடையில் விழுந்து கிடப்பதையும் பாருங்கள்.

எள்ளைப் போன்ற கறுப்பு எச்சம் கிடந்தால் வௌவால். அந்தி சாயும்போது அவை வெளியே போகும். போன பிறகு வாயில் தற்காலிகமாக வலை கட்டலாம். ஆனால் மறுநாள் அந்தியில் வலையை அவிழ்த்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். உள்ளே தங்கிவிட்டவை போகும். இப்படி இரண்டு மூன்று நாள். குட்டிகள் இருந்தால் அவை பறக்கும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

எலி முடியும் எலும்புமாக உருண்டையாகக் கிடந்தால் கூகையோ ஆந்தையோ இருக்கிறது என்று அர்த்தம். டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வயலில் எலி பிடிக்கட்டும் என்று குச்சி நட்டு உட்காரவைக்கிற பறவை அது. குஞ்சு இறங்கிப் போகும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள். அணில், மைனா கூடு இருந்தாலும் இதே கதை.

தேனீ அடை வைத்திருந்தால் நெருப்புக் காட்டி விரட்ட நினைக்காதீர்கள். காய்ந்த பிசின் படிந்த கூண்டுக்குள் தீப்பந்தம் விடுவது தீபாவளிக்கு முன்னாலேயே தீபாவளி கொண்டாடுவது. தேன் எடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெட்டி வைத்து வளர்ப்பவர் என்றால் கூட்டத்தோடு கொண்டுபோய்விடுவார். பாம்பு என்றால் 101க்கு அழைத்துத் தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள், அல்லது வனத்துறையிடம். ஆந்தையையோ பாம்பையோ கொன்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கரி எடுப்பது

எல்லோரும் தாவிச் செல்ல நினைக்கும் கட்டம் இதுதான். தாவாதீர்கள். உள்ளே கரி எவ்வளவு குறைவோ, பின்னால் கறையும் நாற்றமும் அவ்வளவு குறைவு.

1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன்களுக்குப் பிற்காலத்தில் வரும் விரைப்பைப் புற்றுநோய்க்குத் தோலில் படிந்த கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு நாள் வேலைக்கு அவ்வளவு பயம் தேவையில்லை. ஆனால் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவது போதாது. என்95 முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, தலைக்குத் துணி. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள்.

கீழே அடுப்பு வாயையும் கூண்டின் அடி வாயையும் நனைத்துப் பிழிந்த பழைய புடவையால் மூடிக் கட்டுங்கள். அடுப்படியில் இருக்கும் பாத்திரம், அரிசி டின், எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்விடுங்கள். கரிப்பொடி மூடிய டப்பாவுக்குள்ளும் போய்ச் சேரும்.

எங்கள் மேஸ்திரி ஒரு பிரஷும் வாங்கவில்லை. காய்ந்த தேங்காய் மட்டைகளை நாலைந்தாகக் கொத்துச் சேர்த்து, நடுவில் ஒரு கருங்கல்லை வைத்துத் தேங்காய்க்கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கூண்டின் அகலத்துக்குச் சற்றே பெரிய பந்து. மேலிருந்து அதைக் கயிற்றில் இறக்கி, ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கிணற்றில் நீர் சேந்துவதுபோல் முப்பது நாற்பது தடவை. கல்லின் பாரம் கீழே இழுக்க, மட்டையின் நார் நாலு பக்கச் சுவரையும் சுரண்டிக்கொண்டே போனது. மூலைகளுக்குத் தென்னந்துடைப்பத்தை மூங்கில் கழியில் தலைகீழாகக் கட்டிக்கொண்டார். இரண்டு சாக்குக் கரி வந்தது. அத்தை அதைப் பார்த்து, "இவ்வளவும் என் நுரையீரலுக்குப் போகாம மேல போயிருக்கே" என்றார்.

பொடியும் செதிலும் இப்படி வந்துவிடும். தார் பூசியதுபோல் பளபளவென்று ஒட்டியிருப்பது வராது. கை எட்டும் இடத்தில் கரண்டியால் சுரண்டுங்கள், எட்டாததை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, மண்ணெண்ணெய் விடுவது இரண்டும் கூடாது. எடுத்த கரியை ஈரமாக்கி, கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி ஒரு குழியில் போட்டு மூடுங்கள்.

சுத்தமானபின் டார்ச் அடித்து உட்சுவரைப் பாருங்கள். கலவை உதிர்ந்த சந்துகளைப் பூசிவிடுங்கள். கூண்டை ஒட்டி மர உத்தரமோ சட்டமோ போகிறதா, அதில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறும்போது

ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் சாயுங்கள். அடியில் ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் ஓட்டுக்கு மேலேயே தொங்கும். மெயினை அணைத்தாலும் அந்த ஒயரில் மின்சாரம் இருக்கும். அலுமினிய ஏணி வேண்டாம், மூங்கில் ஏணியே நல்லது. ஓட்டுமேல் நேராகக் காலை வைக்காதீர்கள். இன்னொரு ஏணியைப் படுக்கப்போட்டு, சட்டத்தின் மேல் பாரம் விழும்படி அதன்மேல் நடக்க வேண்டும். இந்த வேலைக்குத் தனியாக ஏறவே கூடாது.

மேல்வாய்

டெல்டாவில் நான் பார்த்தவரை கூண்டு நாலு விதம். உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக் கூரையின் ஒரு பகுதியை மட்டும் ஓரடி தூக்கிக் கட்டி, பக்கவாட்டில் புகை போக விட்டிருப்பார்கள். இதில் மழை நேராக விழாது. பக்கத் திறப்புகளில் வலை அடித்து, உடைந்த ஓட்டை மாற்றினால் முடிந்தது.

சின்னக் கோபுரம் போல், மேலே தளம் மூடி, நாலு பக்கமும் துவாரம் வைத்த கூண்டு. இதற்கும் வலை போதும். நம் முன்னோர் ஏற்கெனவே சரியாகக் கட்டிவிட்டார்கள். நாம் கெடுக்காமல் இருந்தால் சரி.

அடுத்தது, அத்தை வீட்டில் இருப்பது போன்ற திறந்த வாய்ச் செங்கல் கூண்டு. உண்மையான வேலை இதில்தான்.

ஒன்றரை அடிச் சதுர வாய், சுற்றிலும் நாலரை அங்குலச் சுவர் என்றால் வெளியளவு 27 அங்குலம். மூடும் கல் ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீள வேண்டும், ஆக 31 அங்குலச் சதுரம். ஓர் அங்குலக் கனத்தில் கடப்பாக் கல் எடுத்தால் எடை ஏறக்குறைய 42 கிலோ வரும். ஓர் ஆள் தூக்கிக்கொண்டு ஏணி ஏறும் கனம் இல்லை. கயிறு கட்டி இரண்டு பேர் மேலிருந்து இழுக்க வேண்டும். கல்லின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, சுற்றிலும் ஒரு கோடு ஆழமாகக் கீறித் தரச் சொல்லுங்கள். தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே வராமல் அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும். கடைக்காரர் இதற்குத் தனியாகக் கொஞ்சம் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.

கூண்டின் தலையில் தளர்ந்த செங்கல் வரிசையை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்துக்கு வெறும் சிமென்ட் கலவை ஆகாது. அது செங்கல்லைவிடக் கெட்டியாகி, ஈரத்தை வெளியே விடாமல் செங்கல்லை உதிர வைக்கும். ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் நன்றாக வேலை செய்கிறது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் கடற்கரை மணலைத் தொடாதீர்கள். அதில் இருக்கும் உப்பு பூச்சைப் பொரித்துத் தள்ளும்.

நாலு மூலையிலும் 3 அங்குல உயரத்துக்குச் செங்கல் துண்டு வைத்து, ஒரு பக்கத்து இரண்டை மட்டும் ஓர் அங்குலம் கூட்டுங்கள், தண்ணீர் மறுபக்கம் வழியட்டும். இங்கே மழை பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அதனால் வாடைக்காற்று நேராக அடிக்கும் பக்கத்தை மட்டும் செங்கல்லால் முழுக்கக் கட்டிவிட்டு, மற்ற மூன்று பக்கத்தையும் திறந்து விட்டோம். நாலு பக்கமும் திறந்து வைத்த ஒரு வீட்டில் சாரல் உள்ளே வருவதைப் பார்த்தபிறகு எடுத்த முடிவு இது.

திறந்த பக்கங்களுக்கு வலை. கொசுவலை வேண்டாம், ஒரே வருடத்தில் தூசும் ஒட்டடையும் அடைத்துக் காற்று நின்றுவிடும். அரை அங்குலக் கண்ணில் சின்ன வௌவால் நுழைந்துவிடும். கால் அங்குலக் கண் உள்ள வலைதான் சரியான அளவு. உப்புக்காற்று உள்ள ஊர்களில் எவர்சில்வர் வலை, உள்தள்ளிய ஊர்களில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போதும். கல்லைக் கலவையில் உட்கார வைப்பதற்கு முன்னாலேயே வலையைச் செங்கல் துண்டுகளுக்கு உட்புறமாகச் சுற்றி நிறுத்திவிடுங்கள்.

42 கிலோ கல்தானே, காற்று என்ன செய்யும் என்று தோன்றலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது நினைவிருக்கிறதா? மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 68 கிலோ அளவு. நம் கல்லின் பாரமும் சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதேதான். பாரத்தை மட்டும் நம்ப முடியாது. இரண்டு எதிர்ப்பக்கங்களில் ஜி.ஐ. பட்டையைக் கல்லின் மேல் மடித்து, கூண்டுச் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். பட்டையைப் பிடிக்கும் செங்கல் உறுதியாக இருக்க வேண்டும், தலை வரிசையில் போடாமல் மூன்று நாலு வரிசை கீழே போடுங்கள். வெறும் தகரமும் செங்கல் பாரமும் புயலில் பக்கத்து வீட்டுக்காரரின் தலைக்கு மேல்தான் பறக்கும்.

ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். கூண்டும் தளமும் சேரும் இடத்தில், தளத்தில் பதித்த தட்டோடு விரிசல் விட்டிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பல வீட்டில் ஒழுகல் வாய் வழியாக வருவதே இல்லை, இந்தச் சந்து வழியாகத்தான்.

நாலாவது விதம், குழாய். 1980களில் அரசுத் திட்டத்தில் கொடுத்த புகையில்லா அடுப்புகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் வைத்திருப்பார்கள். அதை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள்; அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம். நன்றாக நனைத்து, சுற்றியுள்ள கலவையை மட்டும் கொத்தி, முழுக் குழாயாக உருவி, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டுங்கள். கூரையிலும் சுவரிலும் இருக்கும் ஓட்டையைச் செங்கல்லும் கலவையும் வைத்து இரண்டு பக்கமும் முழுக்க அடைத்துவிடலாம். இங்கே கூண்டு என்று எதுவும் மிஞ்சாததால் காற்றுக்கு வழி விடவேண்டியதில்லை. காகிதத்தைத் திணித்து மேலே மட்டும் பூசுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

கூண்டையே இடித்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். மேலே தெரியும் பகுதியை மட்டும் தளத்தோடு தளமாக எடுப்பது சரிதான், கொத்தனார் செய்வார். அடுப்படிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் அடிப்பகுதியை முதலில் இடித்துவிட்டு மேலே விடுவதுதான் ஆபத்து, முழுப் பாரமும் அந்தரத்தில் நிற்கும். இடித்தால் மேலிருந்து கீழே, அதுவும் அந்தச் சுவரில் உத்தரம் உட்கார்ந்திருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர் பார்த்தபிறகு.

கீழ்வாய்

கீழே செங்கல் வைத்துக் கட்டி மூடுவதைவிட, கழற்றக்கூடிய பலகை போடுவது என் கட்சி. என்றைக்காவது உள்ளே பார்க்க வேண்டியிருக்கும்.

கூண்டின் அடி வாயைச் சுற்றி எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) சட்டம் அடித்து, அதில் 8 மி.மீ. சிமென்ட் போர்டை ஸ்க்ரூவால் மாட்டுங்கள். பிளைவுட், தெர்மோகோல், அட்டை, கோணிப்பை எதுவும் வேண்டாம். ஒன்று கரையான் தின்னும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். போர்டில் 9 அங்குலத்துக்கு 3 அங்குலம் அளவுக்காவது ஒரு திறப்பு வெட்டி, கால் அங்குல வலையும் அதன்மேல் ஒரு சின்ன ஜாலியும் வையுங்கள். மேலே விட்ட இடைவெளியும் கீழே விட்ட இந்தத் திறப்பும் சேர்ந்தால்தான் காற்று ஓடும். கரி வாசம் வருகிறது என்று இதை டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். வாசம் வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்; மேலே போய்ப் பாருங்கள்.

செங்கல்லால்தான் கட்டுவேன் என்பவர்கள் ஒற்றைச் செங்கல் கனத்தில் கட்டி, நடுவில் ஒரு சிமென்ட் ஜாலி வைக்க மறக்காதீர்கள்.

அடுப்பு மேடையில் பழைய மண்ணடுப்பு இருந்தால், அதை எடுத்துவிடுங்கள். அடுப்பு அங்கே இருக்கும் வரை யாரோ ஒருவர் ஒருநாள் மூட்டுவார். எடுக்க மனம் இல்லை என்றால் அடுப்பு வாயைச் செங்கல் வைத்துப் பூசுங்கள். எதுவாக இருந்தாலும் போர்டின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் எழுதுங்கள்: "மேலே மூடியிருக்கிறது. அடுப்பு மூட்டக் கூடாது." கூடவே மாதமும் வருடமும். வீட்டை வாடகைக்கு விட்டாலும் விற்றாலும் அந்த எழுத்து அங்கேயே இருக்கும்.

அடுப்படிக்கு வேறு காற்று

இத்தனை வருடம் அந்தக் கூண்டுதான் உங்கள் அடுப்படியின் பெரிய ஜன்னல். அதை மூடியபின் தாளிக்கும் கமறலும் சோற்று ஆவியும் எங்கே போகும் என்று யோசித்து வையுங்கள். உயரத்தில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், அது இழுக்கும் காற்றுக்கு ஈடாக ஜன்னலோ கதவோ திறந்திருப்பது, இரண்டும் வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். அதனால் தரையை ஒட்டி ஓர் அரையடி ஜாலி, வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். கூண்டு இருந்தபோதும் அது தேவையாகத்தான் இருந்தது, நாம் கவனித்ததில்லை. கசிவு என்று சந்தேகம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே போய் 1906க்கு அழையுங்கள்.

எலெக்ட்ரிக் சிம்னி வாங்கியவர்கள் அதன் குழாயைப் பழைய கூண்டுக்குள் விட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். மாட்டிக்கொடுக்க வருபவரும் சுவரில் துளை போடும் வேலை மிச்சம் என்று தலையாட்டுவார். எண்ணெய் ஆவி, குளிர்ந்த செங்கல்லில் பட்டு, மிச்சமிருக்கும் கரியோடு சேர்ந்து படியும். தீப்பிடிக்க அதைவிடத் தோதான கூட்டு கிடையாது. அந்தக் குழாயைச் சுவர் வழியாக நேராக வெளியே விடுங்கள்.

கறை பட்ட சுவர்

கூண்டு மூடி முதல் கோடை முழுவதும் சுவரைச் சும்மா காயவிடுங்கள். அவசரப்பட்டு வெள்ளை அடித்தால் கறை ஒரு மாதத்தில் திரும்பி வரும். காய்ந்தபிறகும் பழுப்பு இருந்தால் அந்த இடத்துப் பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, மேலே சொன்ன சுண்ணாம்புக் கலவையிலேயே புதிதாகப் பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் என்று விற்பதை உள்பக்கம் அடித்தால் ஈரம் வேறு இடத்தில் கிளம்பும். அத்தை வீட்டில் மூன்றடிக்கு நாலடிப் பூச்சைக் கொத்தினோம். பக்கத்தில் விட்ட இடத்தில் இன்னும் ஓர் உள்ளங்கை அளவு கறை இருக்கிறது. அவர் அங்கே ஒரு காலண்டரை மாட்டிவிட்டார்.

முதல் மழை

ஐப்பசியின் முதல் பெரிய மழை முடிந்ததும் போர்டின் திறப்பு வழியாகக் கையை விட்டு அடிச்சுவரைத் தடவுங்கள். லேசான குளுமை பரவாயில்லை. கையில் கறுப்பு நீர் ஒட்டினால் கல்லின் சாய்வையோ, கூண்டும் தளமும் சேரும் இடத்தையோ பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்து போன பிறகு ஜி.ஐ. பட்டையின் நட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை பங்குனியில் மேலே போய் வலையைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, போர்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

கல் போட்ட வருடம், முதல் மழைக்கு மறுநாள் காலையில் அத்தை போன் செய்தார். "சொட்டுத் தண்ணி இல்லடா. ஆனா உன் அணில் போகல. கல்லு மேல உக்காந்துக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சுடுது." நாரைக் கொண்டுவந்து வலை ஓரத்தில் செருகுகிறதாம். பங்குனியில் போனபோது ஒரு கைப்பிடித் தேங்காய் நாரை இழுத்தெடுத்தேன். மட்டைப் பந்து கட்டியபோது மிஞ்சிய நார்தான்.